ஏழாவது கம்பியைக் கழற்றச் சொன்னார்கள்

"கிதாரே வேணாம்மா. அதான் கீபோர்டுலயே கீதே" என்றார் எங்கள் மெல்லிசைக் குழுவின் தலைவர். ஆவடி சேக்காட்டில், அவர் வீட்டு மொட்டை மாடியில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கீபோர்டு வாசிப்பவன் உடனே ஒரு பொத்தானை அழுத்திக் கிதார் சத்தத்தை வரவழைத்துக் காட்டினான். தகர டப்பாவுக்குள் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது அது. நிஜக் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் மாடியில் இருந்த எல்லாரும் பிரமாதம் என்று தலையை ஆட்டினார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் இப்படித்தான் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். முதலில் வயலின் போனது, பிறகு புல்லாங்குழல். என்னை மட்டும் போகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "பொண்ணு ஒண்ணு ஸ்டேஜ்ல நின்னாத்தான் கூட்டம் உக்காரும். நீ கோரஸ் பாடும்மா. நல்ல பொடவையா கட்டிக்கினு மைக் முன்னால நின்னா போதும்" என்றார் தலைவர். என் குரல் பஸ் கண்டக்டர் வேலைக்கு வேண்டுமானால் ஆகும். அது அவருக்கும் தெரியும். பாடுவதற்காக அவர் என்னைக் கேட்கவில்லை, நிற்பதற்காகக் கேட்டார்.

அடுத்து வரவிருந்தது ஆயுத பூஜை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அன்று பட்டறைக்குப் பட்டறை வாழை கட்டி, இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கொடுத்து, கொஞ்சம் வசதியான முதலாளி என்றால் கச்சேரியும் வைப்பார். எங்களுக்கு வருடத்தின் பெரிய கச்சேரி அதுதான். அதில் ஒரு கல்யாணப் பாட்டு கட்டாயம் உண்டு. அந்தப் பாட்டு நாதஸ்வரத்தில் ஆரம்பிக்கும். அதையும் கீபோர்டுக்காரன்தான் வாசிக்கப் போகிறான் என்று பேச்சு வந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்த நாதஸ்வரத்த நான் கிதார்ல வாசிக்கிறேண்ணா."

மாடியே சிரித்தது. தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரிம்மா. வாசிச்சின்னா உன் எடம் உனக்கு. வாசிக்கலன்னா வாய மூடிக்கினு கோரஸ் மைக்காண்ட நிக்கணும். இன்னா?" என்றார். நான் சரி என்றேன். அவரிடம் இல்லாத ஒரு சாமான் என்னிடம் இருந்தது. அதை எப்படி வேலை செய்ய வைப்பது என்பது மட்டும் அப்போது எனக்குத் தெரியாது.

கப்பல்களில் பாண்டு வாசித்துவிட்டுத் திரும்பிய ஒருவர் பூந்தமல்லியில் டயர் கடை வைத்திருந்தார். கிதாரின் மேல் வெறுப்பு வந்து எல்லாவற்றையும் கை கழுவிக்கொண்டிருந்த நேரம். அவரிடமிருந்து ஏழு கம்பிக் கிதார் ஒன்றும், ஒரு பெட்டியும், பெட்டியோடு சேர்ந்த கறுப்புப் பட்டை ஒன்றும் என் கைக்கு வந்தன. விரல் நீளப் பட்டை. அதில் ஆறு கண்கள். ஒவ்வொரு கண்ணும் தன் தலைக்கு மேல் ஓடும் ஒரே கம்பியின் அதிர்வை மட்டும் கவனிக்கும். பெட்டி அது எந்த ஸ்வரம் என்று கண்டுபிடித்து, ஐந்து முள் வைத்த வயர் வழியாக ஒரு கீபோர்டுக்குச் சொல்லும். அந்த வயரில் சத்தம் போகாது. இந்த ஸ்வரம், இவ்வளவு அழுத்தம், இப்போது நிறுத்து என்று உத்தரவு மட்டும் போகும். மிடி என்பார்கள். அதாவது கிதாரில் நான் கம்பியை மீட்டினால், கீபோர்டின் வயிற்றுக்குள் இருக்கும் நாதஸ்வரம் ஊத வேண்டும்.

"ஆறு கண்ணு, ஏழு கம்பி. எனக்கே ஒத்து வரல. இது மனுஷன் வாசிக்கிற சாமானே இல்ல" என்று சொல்லித்தான் டயர் கடைக்காரர் கொடுத்தார். எல்லாரும் எனக்குச் சொன்ன யோசனை ஒன்றே: ஏழாவது கம்பியைக் கழற்றிவிடு. தலைவர் சொன்னார். கீபோர்டுக்காரன் சொன்னான். "ஆறு கம்பிதான்மே கிதாரு. அது இன்னாத்துக்கு வாலு மாதிரி?" என்றான். ஏழாவது என்பது எல்லாவற்றுக்கும் கீழே உறுமும் தடித்த கம்பி. அதை ஒரு தட்டு தட்டினால் விலா எலும்பில் கேட்கும். சொகுசான சத்தம் இல்லைதான். எனக்குப் பிடித்திருந்தது. ஒத்து வரவில்லை என்பதற்காக ஒன்றைக் கழற்றிப் போடும் வேலையை நான் செய்வதாக இல்லை. ஆறு கண்களையும் மெல்லிய ஆறு கம்பிகளுக்குக் கீழே நிறுத்தினேன். ஏழாவதற்குக் கண் இல்லை. அது பெட்டிக்குப் போகாமல், கம்பியின் அதிர்வை அப்படியே சத்தமாக அனுப்பும் கிதாரின் பழைய பிக்கப் வழியே நேராக ஸ்பீக்கருக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பகலில் நான் அம்பத்தூரில் மோட்டார்களுக்குச் செம்புக் காயில் சுற்றும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தேன். மாலையில், ஆவடியில் அம்மாவோடு நான் இருந்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியதும் கிதாரைப் பாயில் கிடத்திவிடுவேன். பட்டைக்கும் கம்பிக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி மயிரிழைக் கணக்கு. கூடினால் பெட்டிக்குக் காது கேட்காது. குறைந்தால் கம்பி பட்டையில் மோதிக் கரகரக்கும். என் ரயில் சீசன் டிக்கெட்டை அதன் பிளாஸ்டிக் உறையோடு உள்ளே விட்டுப் பார்ப்பேன். உரசாமலும் ஆடாமலும் நுழைந்தால் சரி. பட்டையின் ஒரு முனை தாழ்ந்திருந்தது. குச்சி ஐஸின் மட்டைக் குச்சியைச் சீவி அண்டக் கொடுத்தேன். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் என் சீசனை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, திராட்சை வாசம் வருது?" என்று கேட்டார்.

அது முடிந்தால் அடுத்த வம்பு, தாமதம். மெல்லிய கம்பியில் தட்டினால் சத்தம் உடனே வந்தது. ஐந்தாவது, ஆறாவது கம்பிகளில் தட்டினால், கூப்பிட்டும் எழுந்திருக்காத பிள்ளை மாதிரி மெதுவாக வந்தது. பெட்டியின் மேல் தப்பில்லை என்று யோசித்துப் பார்த்ததில் புரிந்தது. தடித்த கம்பி மெதுவாக ஆடும். அது ஒரு முழு ஆட்டமாவது ஆடி முடித்தால்தானே எந்த ஸ்வரம் என்று பெட்டியால் சொல்ல முடியும்? அதனால் அந்த இரண்டு இடத்திலும் மெல்லிய கம்பி போட்டு, ஒரு ஸ்தாயி ஏற்றிச் சுருதி வைத்தேன். கீபோர்டுக்குள் அந்த இரண்டை மட்டும் ஒரு ஸ்தாயி இறக்கிவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

ஆனால் கீபோர்டு அவனுடையது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு வைத்திருந்தான். இரண்டையும் யாரும் தொடக்கூடாது. மேலே இருப்பதை மாலை நேரங்களில் எனக்குக் கொடு என்று கேட்டபோது, "என் பொட்டில கைய வெச்ச, அவ்ளோதான்" என்றான். நான் அவன் வீட்டு வாசலிலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். அவன் அம்மா எனக்குக் காபி கொடுத்தாள், பிறகு டிபன் கொடுத்தாள், பிறகு அவனைத் திட்ட ஆரம்பித்தாள். கடைசியில் அவனே கீபோர்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். "நானே தட்டுவேன். நீ தொடக்கூடாது" என்று நிபந்தனை. சரி, தட்டு என்றேன்.

கம்பிக்கு ஒரு பாதை என்று ஆறு பாதைகளையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் ஒரு கம்பியை நான் வளைத்தால் எல்லாக் கம்பிகளின் ஸ்வரமும் சேர்ந்து வளையும். வளைவின் அளவு பெட்டியிலும் கீபோர்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. நான் ஒரு கமகம் கொடுத்தேன். நாதஸ்வரம் ஆடு கத்துவது போல இழுத்து, எங்கேயோ போய் விழுந்தது. அவன் தரையில் உருண்டு சிரித்தான். சிரித்து முடித்ததும் அவனுக்கே ரோஷம் வந்துவிட்டது. தன் பொட்டி அப்படிக் கத்துவதை அவனால் தாங்க முடியவில்லை போல. ஷெனாய் என்று எழுதியிருந்த குரலை நோண்டி நோண்டி நாதஸ்வரமாக்கியவன் அவன். இரண்டு பக்கமும் வளைவின் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சமப்படுத்தினோம். கமகம் போக வேண்டிய இடத்துக்குப் போய், வர வேண்டிய இடத்துக்கு வந்தது. எனக்கு அழுகை வந்தது. அவன் முன்னால் அழக்கூடாது என்று சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினாள். "மேளச் சத்தம் கேக்குதே, பொண்ணுக்கு முடிஞ்சிருச்சா?" என்று அம்மாவிடம் விசாரித்தாள். என் கல்யாணம் அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுக் கவலை. அம்மா, "ஆமா. கிதாரோட முடிஞ்சிருச்சு. அடுத்த தரம் சீர் எடுத்துட்டு வாங்க" என்று கதவைச் சாத்தினாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே இறந்துபோனார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சொந்தக்காரப் பெண்கள் கூட்டமாக வந்து இறங்கி, அம்மாவின் பொட்டை அழித்து, வளையலை உடைத்து, காரியம் முடிந்ததும் ரயில் ஏறினார்கள். இனி பிழைப்புக்கு என்ன செய்வாய் என்று அவர்களில் ஒருத்தியும் அவளைக் கேட்கவில்லை. அப்பாவின் வேலை அம்மாவுக்குக் கிடைத்தது. வெறும் நெற்றியோடு அதே தொழிற்சாலை கேட்டுக்குள் போனாள். நல்ல காரியங்களில் எங்கே நிற்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று குவார்ட்டர்ஸில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆட்களுக்குக் குறைச்சல் இல்லை. அவள் கேட்டுக்கொள்வாள். பிறகு தன் இஷ்டத்துக்கு நடப்பாள்.

ஆயுத பூஜை அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கச்சேரி. எங்களைக் கூப்பிட்டிருந்த பட்டறையின் பெரிய கொட்டகையில் லேத்து இயந்திரங்களை எல்லாம் ஓரம் கட்டி மேடை போட்டிருந்தார்கள். தொழிலாளிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அம்மாவும் வந்து முன்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். நானும் கீபோர்டுக்காரனும் வயர்களை மாட்டி வாசித்துப் பார்த்தோம். நாதஸ்வரம் அச்சாக வந்தது. சீசன் டிக்கெட்டையும் ஒரு தரம் விட்டுப் பார்த்துவிட்டுப் பந்திக்குப் போனேன்.

நான் சாப்பிடும் நேரத்தில் குழுவின் வாத்தியங்களுக்குப் பூஜை நடந்துவிட்டது. திரும்பி வந்தபோது தபேலா, டிரம், கீபோர்டு எல்லாவற்றிலும் சந்தனக் கோடும் குங்குமமும். அறிவிப்பாளர் கல்யாணப் பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டார். கிதாரைத் தூக்கி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். என் கறுப்புப் பட்டையின் மேலே, கம்பிகளுக்கு அடியில், ஈரச் சந்தனம் மூன்று விரல் அகலத்துக்கு அப்பியிருந்தது. நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. சீசன் டிக்கெட் நுழைகிற அந்த இடைவெளி முழுக்கச் சந்தனம். ஆறு கம்பிகளும் அதில் புதைந்து கிடந்தன.

துடைக்கக் கையைக் கொண்டுபோனேன். "ஏய், தொடாதம்மா! பூஜ போட்டது" என்று தலைவர் பதறினார். "புது சாமானாச்சேன்னு அதுக்குத்தான் மொதல்ல வெச்சேன். நாளைக்குத்தான் எடுக்கணும்." அவர் கண்ணில் வஞ்சகம் இல்லை. எல்லா வாத்தியத்திலும் ஓரத்தில் வைத்த மனிதர், என் வாத்தியத்துக்கு மட்டும் பாசத்தோடு தேடிப்பிடித்து, அதன் கண்ணிலேயே வைத்திருந்தார்.

டிரம் ஆரம்பித்துவிட்டது. நான் மீட்டினேன். கம்பி துணியைத் தட்டினாற்போல் தொப்பென்றது. பெட்டி குழம்பிப்போய் எதையோ சொல்ல, கீபோர்டிலிருந்து இரண்டு விக்கல் வந்தது. கூட்டத்தில் குழந்தைகள் சிரித்தார்கள், பிறகு பெரியவர்களும் சிரித்தார்கள். தலைவர் கையைக் காட்ட, கீபோர்டுக்காரன் கீழே இருந்த கீபோர்டில் நாதஸ்வரத்தை எடுத்துக்கொண்டான். என்னை நிமிர்ந்து பார்க்காமல் வாசித்தான்.

அந்தப் பட்டைக்கு வெளியே இருந்தது ஒரே ஒரு கம்பிதான். கழற்றச் சொன்ன கம்பி. எனக்கு வந்த கோபத்துக்கு அதைத்தான் அடித்தேன். அது உறுமியது. பாட்டு முழுக்க அந்த ஒரு கம்பியில் அடிச்சுருதியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேடைப் பலகை அதிர்ந்தது. முன்வரிசைப் பொரிப் பொட்டலங்கள் அதிர்ந்தன. சிரித்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பாட்டு முடிந்ததும் தலைவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "சொன்ன பேச்சும்மா. அந்தாண்ட போய் கோரஸ்ல நில்லு" என்றார். ஓரத்தில் அந்த மைக் ஏற்கனவே எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"சந்தனத்த எடுத்துட்டு ஒரு தரம் வாசிக்கிறேண்ணா."

"ஆயுத பூஜையன்னிக்கு பொட்ட அழிப்பியா? இத்தினி பேரு பொழப்பு நடக்குற எடம்மா இது."

மைக்கை அவர் சரியாக மூடவில்லை. கொட்டகை முழுக்கக் கேட்டுவிட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "ஐயோ, பொட்ட அழிக்கறதாவது!" என்றது. இன்னொரு குரல் சாமி பெயரைச் சொன்னது. துடைக்கப் போன கையை இறக்கிக்கொண்டேன். பயத்தால் இல்லை என்று இன்றைக்கும் சொல்லுவேன். ஆனால் அத்தனை கண்களுக்கு முன்னால் விரல் எழவில்லை என்பதும் உண்மை.

அம்மா எழுந்து மேடைக்கு வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. பூஜைப் பொருளைத் தொடக்கூடாது என்று அவளுக்கு எத்தனையோ பேர் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தலைவர் ஓரடி பின்னால் போனார்.

"என் பொட்டையுந்தான் அழிச்சாங்க தம்பி" என்றாள். "அன்னைக்கு ஒருத்தரும் பொழப்பு போயிரும்னு பதறல. நான் வாயப் பொத்திக்கிட்டா இருக்கேன்? அதுவும் பேசும். தள்ளுங்க."

என் கழுத்தில் தொங்கிய கிதாரின் கம்பிகளுக்கு அடியில் சேலைத் தலைப்பை நுழைத்தாள். பாத்திரம் துலக்குகிற அதே கறாரோடு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்தாள். இடுக்கில் மிச்சம் இருந்ததை விரலால் வழித்தெடுத்தாள். விரல் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் ஒட்டியிருந்தது. அதை எங்கே துடைப்பது என்று ஒரு நொடி பார்த்தாள். தலைப்பு ஏற்கனவே நனைந்திருந்தது. பிறகு, கொட்டகையே பார்த்துக்கொண்டிருக்க, தன் நெற்றியில் துடைத்துக்கொண்டாள்.

"வாசிட்டி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கீபோர்டுக்காரன் மேலே இருந்த கீபோர்டின் சத்தத்தை முழுசாக ஏற்றிவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். "ஊது மே" என்றான். மீட்டினேன். நாதஸ்வரம் எழுந்தது. தாமதம் இல்லை, விக்கல் இல்லை. கமகத்தை வேண்டுமென்றே இன்னொரு சுற்று இழுத்தேன். கீழே கட்டைவிரலால் ஏழாவது கம்பியைத் தட்டித் தட்டி உறும விட்டேன். மேலே கல்யாணம், கீழே இடி. தவில்காரர் யாரும் அங்கே இல்லை. ஆனாலும் யாரோ ஒரு தொழிலாளி நாற்காலி முதுகில் தாளம் போட, வரிசை வரிசையாக எல்லாரும் போட்டார்கள். யார் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தும் நிலைமையில் நான் இல்லை. தலைவர் இரண்டு தரம் கையைக் காட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

முடிந்தபோது தலைவர் ஓரத்துக்குப் போய்க் கோரஸ் மைக்கை ஸ்டாண்டோடு தூக்கி, மேடைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, அடுத்த பாட்டை அறிவித்தார். அந்தக் குழு இருந்தவரைக்கும் அந்த மைக் எனக்காகத் திரும்ப வரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அம்பத்தூரில் ரயில் ஏறினோம். பெண்கள் பெட்டியில் குவார்ட்டர்ஸ்காரிகள் இரண்டு பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். காய்ந்த சந்தனமும் அதன் மேல் தீற்றிய குங்குமமுமாக இருந்த அம்மாவின் நெற்றியையே பார்த்தார்கள். ஒருத்தி தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, "அக்கா, இங்க ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கு" என்றாள். துடைத்துவிடுவாள் என்று நானே நினைத்தேன்.

"தெரியும்" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, மடியில் இருந்த கிதாரின் உறையைத் தட்டிக்காட்டி, "ஏட்டி, எவன் சொன்னாலும் அந்தத் தடிக் கம்பிய மட்டும் கழட்டிராத" என்றாள்.

ஆவடி வரும்வரை அவள் நெற்றியில் கை வைக்கவே இல்லை.